காப்பித்தூள் லேபிளுக்குச் சுருள் வரைதல்

தாண்டிக்குடியில் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி என்று கீழ்ப்பழனி மலையில் பலரும் வைத்திருக்கும் தோட்டம்தான். வறுத்து அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று அவர் இறங்கியபோது லேபிள் வேலை என் தலையில் விழுந்தது.

"பேரைச் சுத்தி கொடி மாதிரி வளைஞ்சு போகணும்டா. கல்யாணப் பத்திரிகையில வருமே, அது" என்றார்.

ரெடிமேட் சுருள் டிசைன்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் எதை எடுத்தாலும் ஏதோ ஒரு ஸ்வீட் கடை டப்பாவில் பார்த்த ஞாபகம் வருகிறது. அதனால் இங்க்ஸ்கேப்பில் நானே வரைந்து பார்க்க உட்கார்ந்தேன். படம் வரைகிற இலவச மென்பொருள், என் பழைய லேப்டாப்பிலும் தள்ளாடாமல் ஓடுகிறது.

பேனா கருவியிலிருந்து ஆரம்பித்தேன். அது போடுவது பெசியர் வளைவு. காரின் உடல் வளைவுகளை வரைய 1960களில் ரெனோ கம்பெனியில் பியர் பெசியர் பரப்பிய முறை. அதற்குச் சற்று முன்பே சிட்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோ இதே கணக்கைப் போட்டுவிட்டார், ஆனால் கம்பெனி அதை வெளியே விடவில்லை. கோட்டில் நாம் வைக்கும் புள்ளிதான் கணு. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கைப்பிடிகள் நீளும். அவற்றை இழுத்தால் கோடு வளையும். இதில் முதல் பாடம், கணுக்களைக் கஞ்சத்தனமாக வைப்பது. வளைவின் உச்சி, அடி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் மட்டும் கணு வைத்து, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கைப்பிடியை நேர்ப்படுக்கையாகவோ நேர்நிலையாகவோ நிறுத்தினால் கோடு அடங்கி நடக்கும். கால்வட்டத்துக்குக் கைப்பிடியின் நீளம் ஆரத்தில் சுமார் 0.55 பங்கு. அந்த ஒரு எண் மனதில் இருந்தால் சுருளின் ஒவ்வொரு கால்பாகத்தையும் கண்ணை நம்பாமல் போடலாம்.

அப்படியும் சில இடங்களில் கோடு லேசாகத் தட்டுகிறது. கணு மழுமழுவென்றுதான் இருக்கிறது, முனை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் கண் அங்கே போய் நிற்கிறது. காரணம் இதுதான்: ஸ்மூத் கணு என்பது இரண்டு பக்கக் கைப்பிடிகளும் ஒரே திசைக்கோட்டில் இருக்கும் என்று மட்டும் உறுதி சொல்கிறது. வளைவின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று சொல்வதில்லை. வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் நல்ல டிரைவர் வளைவுக்குள் போகும்போது ஸ்டீயரிங்கைச் சீராகத் திருப்பிக்கொண்டே போவார். ஒரே வெட்டாக வெட்டினால் நாம் பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்வோம். கண்ணுக்கும் அதே கதைதான்.

இந்தச் 'சீராகத் திருப்புகிற' கோட்டுக்கு ஆய்லர் சுருள் என்று பெயர். ரயில் பாதையில் நேர்ப்பாதையையும் வளைவையும் இணைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ராஃப் லேவியன் என்பவர் இதை அடிப்படையாக வைத்து, எழுத்துரு வரைவதற்காக ஸ்பைரோ என்ற முறையை உருவாக்கினார். இங்க்ஸ்கேப்பில் பேனா கருவியை எடுத்தால் மேல்பட்டையில் பெசியருக்குப் பக்கத்திலேயே ஸ்பைரோ பொத்தான் இருக்கிறது. இதில் கைப்பிடி வேலையே கிடையாது. கோடு போகவேண்டிய இடங்களில் கிளிக் செய்துகொண்டே போனால் நடுவில் இருப்பதை அதுவே வளைத்துக்கொள்கிறது.

ஆனால் ஸ்பைரோவுக்கு முன்கோபம் உண்டு. ஒரு கணுவை நகர்த்தினால் பக்கத்து வளைவுகளும் சேர்ந்து ஆடும். இரண்டு கணுக்கள் ரொம்ப நெருங்கிவிட்டால் கோடு பக்கத்தை விட்டே ஓடிச் சுற்றிவிட்டு வரும். என் முடிவு: உருவம் பிடிக்க ஸ்பைரோ, அது பிடித்தவுடன் பாத் ஆக, அதாவது கணுக்களும் கைப்பிடிகளும் உள்ள வெறும் கோடாக மாற்றிவிட்டு மிச்சத் திருத்தமெல்லாம் சாதாரண பெசியரில்.

எதைப் பார்த்து வரைவது என்பதற்கு இங்கே பஞ்சமில்லை. பண்ணைக்காட்டுப் பக்கம் சவ்சவ் பந்தலுக்கு அடியில் நின்றால் தலைக்கு மேல் முழுக்கப் பற்றுக்கம்பிகள். நுனி எதையாவது பிடித்துக்கொண்ட பிறகு கம்பி ஒரு பாதி வலமாகவும் மறுபாதி இடமாகவும் சுருளும், நடுவில் கொஞ்சம் நேராக இருக்கும். இரண்டு முனையும் கட்டுப்பட்ட கம்பி முறுக்கிக்கொள்ளாமல் சுருள அதுதான் வழி. எஸ் போல வளையும் கோட்டுக்கும் திசை மாறும் இடத்தில் அந்த நேர்த்துண்டு வேண்டும். அதைக் கொடுக்காமல் திருப்பினால் கோடு நெளிகிறது.

அடுத்து தடிமன். ஒரே தடிமனில் விட்டால் என்ன வரைந்தாலும் கம்பி வளைத்தது போலத்தான் நிற்கும். கூர்நிப்புப் பேனாவை அழுத்தி இறக்கும்போது நிப் பிளந்து கோடு தடிக்கும், ஏற்றும்போது மெலியும். அந்தப் பழக்கத்தை நம் கண் இன்னும் எதிர்பார்க்கிறது. இதற்குப் பவர்ஸ்ட்ரோக் என்ற பாத் எஃபெக்ட் இருக்கிறது. கோட்டின் மேல் தோன்றும் வைர வடிவக் குமிழ்களை இழுத்துத் தடிமனைக் கூட்டலாம், குறைக்கலாம்; கண்ட்ரோலுடன் குமிழைக் கிளிக் செய்தால் இன்னொரு குமிழ் பிறக்கும். வளைவின் வயிற்றில் தடிமன், கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மெலிவு. தடித்த கோடும் தடித்த கோடும் கடக்கவே கூடாது. கடக்கும் கோணம் செங்கோணத்தை ஒட்டி இருந்தால் சுத்தமாகத் தெரியும். கடக்கிற இடத்தில் வெள்ளையாக ஓட்டை விழுந்தால் பயப்பட வேண்டாம், நிறம் நிரப்புகிற ஃபில் பகுதியின் மூலையில் இருக்கிற நிரப்பு விதியை மாற்றினால் அடைபட்டுவிடும்.

இவ்வளவும் பேரைச் சுற்றிப் போடுகிற சுருளுக்கு. எழுத்திலிருந்தே சுருளைக் கிளப்பலாம் என்று போனபோதுதான் வேலை ருசித்தது. ஆங்கில எழுத்தில் எந்த வாலையும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கிறார்கள், எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. தமிழில் சுழி என்பதே ஓர் ஒலி. 'காப்பித்தூள்' என்று அடித்து, பாத் ஆக மாற்றி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். 'ள்' காலைக் கீழே இறக்கிச் சுழித்தால் 'ளு'வின் சாயல் வந்துவிடும். 'ப'வின் தோளில் ஒரு கொடியை ஏற்றினால் 'பி'. சரி, ஏற்கெனவே இருக்கிற 'பி'யின் கொடியையே நீட்டலாம் என்றால், அதன் நுனியை உள்ளே சுருட்டிய உடனே அது நெடிலாகிவிடும். காப்பிப் பாக்கெட்டில் அந்த நெடிலைப் போட்டால் யார் வாங்குவார்கள்! ஸ்கிரீனில் பார்த்துவிட்டுச் சித்தி சிரித்த சிரிப்பில் சித்தப்பா எழுந்தே போய்விட்டார்.

கடைசியில் கைகொடுத்தது 'த்'. அதன் வால் இயல்பாகவே கோட்டுக்குக் கீழே இடப்பக்கம் போகிறது. அதை 'காப்பி' முழுவதற்கும் அடியில் ஓடவிட்டு, 'கா'வைத் தாண்டி ஒரு சுருளாக முடித்தேன். எந்த எழுத்தும் கெடவில்லை. 'ர', 'ழ' போன்றவற்றிலும் இப்படி வால் கிடைக்கும். மேல்பக்கத்தை மட்டும் தொடாமல் இருப்பது நல்லது.

பேருக்கு மேலே வருகிற சுருள் தனி. பாதியை வரைந்து பிரதி எடுத்துப் புரட்டி ஒட்டியது. நடுவில் ஒட்டும் கணுவின் கைப்பிடி சரியாகப் படுக்கையில் இருக்கவேண்டும், சற்றே சாய்ந்திருந்தாலும் அங்கே கூரை முகடு முளைக்கும்.

வத்தலக்குண்டில் ஸ்டிக்கர் அடிக்கிற அண்ணன் பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, காப்பிக் கலர்ல வெள்ளைக் கோடு இவ்ளோ சன்னமா இருந்தா மை அடைச்சுக்கும். கால் மில்லிக்குக் கீழ போகாதீங்க" என்றார். மெல்லிய நுனிகளில் இருந்த குமிழ்களை எல்லாம் கொஞ்சம் தூக்கிவிட்டேன். கூர்மை போனது வருத்தம்தான், ஆனால் அடித்து வந்ததில் நுனி எங்கும் அடைக்கவில்லை.

இப்போது மிளகுக்கும் லேபிள் வேண்டுமாம். 'மி'க்கு மேலே கொடி இருக்கிறது, அதைத் தொட முடியாது. 'ள' கதை தெரிந்ததே. மிச்சம் 'கு' ஒன்றுதான். அதன் சுற்றை அகலமாக எடுத்து மூன்று எழுத்துக்கும் அடியில் கொண்டுவர முடியுமா என்று ஸ்பைரோவில் கிளிக் செய்துகொண்டிருக்கிறேன்.