சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கோப்புகளை இணையம் வழியே வாடகைக்கு வைத்துக்கொள்ளும் எஸ்3 என்ற சேவையை 2006 மார்ச்சில் அமேசான் திறந்தபோது விலைப்பட்டியல் ஏறக்குறைய இரண்டே வரிதான். ஒரு ஜிபியை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட், ஒரு ஜிபியை நகர்த்த 20 சென்ட். இன்று வட வர்ஜீனியா ரீஜனில் (அமேசானின் சர்வர் மையங்கள் உள்ள பகுதிகளில் ஒன்று) வைத்திருக்க 2.3 சென்ட், வெளியே எடுக்க 9 சென்ட். உள்ளே கொண்டுவருவது இலவசம். அன்று சுமைகூலி வாடகையைவிடக் கொஞ்சம் கூடுதல். இன்று நான்கு மடங்கு. கிளவுட் பில் பார்த்துத் தலையில் கை வைப்பவர்களில் பலர் வாடகையை மட்டும் கணக்குப் போட்டவர்கள்.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். பழைய நூல்களை ஸ்கேன் செய்த 2 லட்சம் பக்கங்கள். ஒவ்வொன்றும் 25 எம்பி டிஃப் கோப்பு. மொத்தம் 5 டிபி. இவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும், டெசராக்ட் என்ற மென்பொருள் கொண்டு எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் நிரல்) ஓட்டிப் பக்கத்துக்கு ஒரு உரைக் கோப்பு எடுக்க வேண்டும். விலைகளெல்லாம் வட வர்ஜீனியாவுக்கானவை. மும்பையில் சேமிப்பு 2.5 சென்ட், வெளியேற்றம் 10.93 சென்ட். இந்தியக் கணக்காக இருந்தால் எல்லாவற்றின் மேலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

5 டிபியைச் சாதாரண எஸ்3 வகுப்பில் வைத்தால் மாதம் 115 டாலர். அரிதாகவே எடுக்கும் கோப்புகளுக்கான டீப் ஆர்க்கைவ் வகுப்பில் ஜிபிக்கு 0.099 சென்ட், அதாவது மாதம் 5 டாலருக்குள். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் டீப் ஆர்க்கைவுக்குத் தள்ளிவிடத் தோன்றும். மூல டிஃப் கோப்புகளுக்கு அது சரியான முடிவுதான், ஆனால் அங்கே மூன்று நிபந்தனைகள் உண்டு. 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாள் வாடகை கொடுத்தாக வேண்டும். கேட்டவுடன் கிடைக்காது, சாதாரண வழியில் 12 மணி நேரம், மொத்தமாக எடுக்கும் மலிவு வழியில் 48 மணி நேரம். மூன்றாவது, கோப்பை வகுப்பு மாற்றவே ஆயிரத்துக்கு 5 சென்ட் கூலி.

அந்தக் கூலி சின்னதாகத் தெரியும். உரைக் கோப்புகளை வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு 4 கேபி என்றால் 2 லட்சம் கோப்புக்கும் சேர்த்து 0.8 ஜிபி. சாதாரண வகுப்பில் மாத வாடகை 2 சென்ட்டுக்கும் குறைவு. அவற்றை டீப் ஆர்க்கைவுக்கு மாற்ற 10 டாலர். நாற்பது வருட வாடகையைக் கூலியாகக் கொடுக்கிறோம்! 2024 செப்டம்பருக்குப் பிறகு எழுதப்படும் லைஃப்சைக்கிள் விதிகள் (குறித்த நாளில் கோப்பைத் தானாக வகுப்பு மாற்றவோ அழிக்கவோ எழுதிவைப்பவை) 128 கேபிக்குக் குறைந்த கோப்புகளைத் தாமாகவே விட்டுவிடுகின்றன. அதற்கு முன் எழுதிய விதி உங்கள் கணக்கில் இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள்.

டிஃப் கோப்புகளுக்கும் இதே எண்ணிக்கைக் கூலிதான். அதனால் நூல் ஒன்றுக்கு ஒரு டார் கட்டாக, அதாவது பல கோப்புகள் சேர்ந்த ஒரே கோப்பாக, கட்டி அனுப்புவது நல்லது. 200 பக்க நூல்கள் என்றால் 1,000 கட்டுகள். 10 டாலர் கூலி 5 சென்ட்டாகச் சுருங்கும். பதிலுக்கு, ஒரே ஒரு பக்கம் வேண்டும் என்றாலும் 5 ஜிபி கட்டை முழுதாக மீட்க வேண்டியிருக்கும். அன்றாடம் பார்ப்பதற்கு 300 கேபி ஜேபெக் நகல்களைத் தனியாகச் சாதாரண வகுப்பில் வைத்தால் அந்தத் தேவையே எழாது. மொத்தம் 60 ஜிபிதான், மாதம் 1.38 டாலர்.

ஒருநாள் 5 டிபியையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவு வழியில் மீட்க ஜிபிக்கு 0.25 சென்ட், ஆக 12.50 டாலர். அவசரம் என்று 12 மணி நேர வழியைத் தேர்ந்தால் 100 டாலர். அதன்பின் இணையம் வழியே வெளியே கொண்டுவர, மாதம் 100 ஜிபி இலவசம் போக 4,900 ஜிபிக்கு 441 டாலர். ஏழு வருட டீப் ஆர்க்கைவ் வாடகை அது. தரவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வெளியேறுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடு 2024 மார்ச்சில் வந்தது. தானாக நடக்காது, வெளியேறும் முன் எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். ஜேபெக்குகளை ஊருக்கெல்லாம் திறந்துவிடுவதாக இருந்தால் பக்கெட்டை (எஸ்3-இல் கோப்புகள் இருக்கும் பெட்டி) நேரடியாகக் காட்டாமல் முன்னால் கிளவுட்ஃப்ரன்ட் என்ற அமேசானின் விநியோகச் சேவையை வையுங்கள். மாதம் 1 டிபி வரை வெளியேற்றம் இலவசம். வெளியேற்றக் கட்டணமே இல்லாத கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் ஆர்2 சேமிப்பும் உண்டு, வாடகை ஜிபிக்கு 1.5 சென்ட். வாசகர் அதிகமென்றால் பொதுப் பார்வைக்கான நகலை அங்கே வைப்பதுதான் என் தேர்வாக இருக்கும்.

ஏற்றுவதில் பணம் குறைவு, பொறுமைதான் வேண்டும். 40 எம்பிபிஎஸ் அப்லோட் வேகத்தில் 5 டிபி ஏற இடைவிடாமல் பதினொன்றரை நாள். அமேசானின் கட்டளைவரிக் கருவி 8 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை 8 எம்பி துண்டுகளாக வெட்டி அனுப்பும். 25 எம்பி கோப்புக்குத் தொடக்கம் ஒன்று, துண்டுகள் நான்கு, முடிப்பு ஒன்று என ஆறு கோரிக்கைகள். 2 லட்சம் கோப்புக்கு 12 லட்சம் கோரிக்கை, 6 டாலர். வெட்டும் வரம்பை 64 எம்பியாக உயர்த்தினால் அது 1 டாலர். பணத்தைவிடப் பெரிய தொல்லை, நடுவில் இணைப்பு அறுந்தால் ஏறிய துண்டுகள் அங்கேயே கிடக்கும். பக்கெட்டின் கோப்புப் பட்டியலில் அவை தெரியாது. வாடகை மட்டும் ஓடும். முடியாத ஏற்றங்களை 7 நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியைப் பக்கெட் உருவாக்கிய அன்றே எழுதிவிட வேண்டும். வெர்ஷனிங் (மாற்றினாலும் அழித்தாலும் பழைய பதிப்பை வைத்திருக்கும் வசதி) போட்டிருந்தால் பழைய பதிப்புகளுக்கும் ஒரு காலாவதி விதி. இல்லையென்றால் நீங்கள் “அழித்த” கோப்புக்கும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கலாமா? எஸ்3 ஏற்கும். பெயருக்கு 1,024 பைட் வரம்பு. ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் என்பதால் 341 குறியீடுகள் வரை போகும். சிக்கல் நீளத்தில் இல்லை. ‘கோயில்’ என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் வட்டுகள் பிரித்து எழுதும், விண்டோஸில் தட்டச்சு செய்தது பொதுவாகச் சேர்ந்தே இருக்கும். எஸ்3 பைட்டைத்தான் பார்க்கிறது. இரண்டு கணினியிலிருந்து ஏற்றினால் அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். நூலுக்கும் பக்கத்துக்கும் எண் கொடுத்து 000123/0045 என்று வைத்துவிட்டு, தமிழ்த் தலைப்பைத் தனி அட்டவணையில் எழுதுங்கள்.

இனி எழுத்துணரி வேலை. டிஃப் கோப்புகளைக் கட்டி ஆழத்தில் தள்ளுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு விசிபியுவில் (வாடகை சர்வரின் கணிப்பு அலகு) 6 நொடி என்று வைத்தால் 12 லட்சம் நொடி, சுமார் 333 மணி நேரம். இந்த 6 நொடியை நம்பாதீர்கள்; உங்கள் பக்கங்களில் நூறை ஓட்டி அளந்துகொள்ளுங்கள். மணிக்கு 8.5 சென்ட் வாடகையுள்ள சி6ஐ.லார்ஜ் சர்வரில் 2 விசிபியு. 167 மணி நேரம், 14 டாலர் சொச்சம். பத்து சர்வர் எடுத்தாலும் அதே 14 டாலர்தான், வேலை 17 மணி நேரத்தில் முடியும். இந்த முறையின் உண்மையான லாபம் அதுதான். லினக்ஸ் சர்வர்களுக்கு நொடிக்கணக்கில் பில், குறைந்தபட்சம் 60 நொடி.

டெசராக்ட் தானாகவே நான்கு த்ரெட் (ஒரே சமயம் ஓடும் வேலை இழை) வரை திறக்கும். 2 விசிபியுவில் இரண்டு பக்கங்களை ஒரே சமயம் ஓட்டினால் எட்டு த்ரெட் அடித்துக்கொள்ளும், வேகம் ஏறுவதற்குப் பதில் இறங்கும். த்ரெட் வரம்பை 1 ஆக்கி, விசிபியுவுக்கு ஒரு பக்கம் என்று ஓட்டுங்கள்.

இப்படி விட்டுத் தொடரக்கூடிய வேலைக்கு ஸ்பாட் சர்வர்கள் பொருத்தம். மிச்சமாகக் கிடக்கும் இயந்திரங்களை 90 சதவீதம் வரை தள்ளுபடியில் தருவார்கள். வேண்டும்போது இரண்டு நிமிட அறிவிப்பில் பிடுங்கிக்கொள்வார்கள். சர்வருக்குள்ளிருந்து 169.254.169.254 என்ற உள்முகவரியை 5 நொடிக்கு ஒருமுறை கேட்டால் அந்த அறிவிப்பு தெரியும். தெரிந்ததும் கையில் இருக்கும் பக்கத்தை முடித்து, உரையை எஸ்3-க்கு அனுப்பிவிட்டு நின்றுவிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் தொடங்கும் முன் அதன் உரை ஏற்கெனவே இருக்கிறதா என்று நிரல் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இருந்தால் ஒரு சர்வருக்குக் கொடுத்த 50 பக்கங்களில் 30 முடிந்த நிலையில் சர்வர் போனாலும் அடுத்தது 31-இல் தொடங்கும்.

பக்கங்களைப் பங்கிட எஸ்க்யூஎஸ் என்ற அமேசானின் செய்தி வரிசை போதும்; ஒவ்வொரு செய்தியும் ஒரு வேலைப் பங்கு, சர்வர்கள் அதிலிருந்து எடுத்துச் செய்யும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு சர்வர் எடுத்த செய்தி மற்றவர்களுக்கு மறைந்திருக்கும் நேரம், மாற்றாவிட்டால், 30 நொடி. ஒரு செய்திக்கு 50 பக்கம், பக்கத்துக்கு 6 நொடி என்றால் வேலை 300 நொடி எடுக்கும். 30 நொடி ஆனதும் செய்தி மறுபடி வரிசையில் தலைகாட்டும், இன்னொரு சர்வர் எடுக்கும், அடுத்த 30 நொடியில் மூன்றாவது எடுக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, எல்லா சர்வரும் 100 சதவீதம் உழைப்பதாகக் காட்டும், வேலை மட்டும் மெல்லத்தான் நகரும். மறைவு நேரத்தை 900 நொடியாக வையுங்கள். மூன்று முறை தோற்ற செய்தி தனி வரிசைக்குப் போகட்டும். கெட்டுப்போன ஒரு டிஃப் கோப்பு இரவெல்லாம் சர்வரைத் தின்ன வேண்டாம்.

எஸ்3-க்கும் அதே ரீஜனில் உள்ள சர்வருக்கும் இடையே போக்குவரத்து இலவசம் என்பது உண்மைதான். ஆனால் சர்வரைப் பொது ஐபி இல்லாத சப்நெட்டில் (உள்வலைப் பகுதி) வைத்து நாட் கேட்வே என்ற வெளிவாசல் வழியாகப் போனால் ஜிபிக்கு 4.5 சென்ட் கேட்வே கூலி. 5 டிபிக்கு 225 டாலர். 14 டாலர் வேலைக்கு! போதாததற்கு கேட்வே நிற்பதற்கே மணிக்கு 4.5 சென்ட். எஸ்3-க்கென்று இருக்கும் கேட்வே எண்ட்பாயின்ட் என்ற நேர்வழியை உருவாக்கி ரூட் அட்டவணையில் (போக்குவரத்துக்கு வழி சொல்லும் பட்டியல்) சேர்த்தால் இந்தத் தொகை சுத்தமாகப் போய்விடும். அதற்குக் கட்டணமே கிடையாது.

சர்வர் எடுக்காமல் நிரலை மட்டும் கொடுத்து ஓட்டும் லாம்டாவில் ஓட்டலாமா என்றால், 1,769 எம்பி நினைவகத்தில் ஒரு விசிபியு கிடைக்கும், இதே வேலைக்குச் சுமார் 35 டாலர் ஆகும். சர்வர் மேய்க்கும் வேலை இல்லை. பக்கெட்டில் கோப்பு விழுந்ததும் லாம்டா தானாக ஓடும்படி அமைத்தால், வெளியீட்டுக்கு மட்டும் வேறு பக்கெட் வையுங்கள். அதே பக்கெட்டில் எழுதினால் எழுதிய கோப்பே அடுத்த அழைப்பைக் கிளப்பும்.

பட்ஜெட் எச்சரிக்கை வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. செலவுத் தகவல் ஒரு நாளில் சில முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. மணி அடிக்கும்போது எட்டு, பன்னிரண்டு மணி நேரச் செலவு ஓடி முடிந்திருக்கும். மணி மட்டும்தான் அடிக்கும், தானாக எதையும் நிறுத்தாது. நிறுத்த வேண்டுமென்றால் பட்ஜெட் ஆக்‌ஷன் என்று தனியாக அமைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சர்வரை ‘ஸ்டாப்’ செய்தால் மணிக்கணக்கு நிற்கும், வட்டு வாடகை நிற்காது. ஜிபி3 (gp3) வகையில் 500 ஜிபி வட்டு சும்மா கிடந்தாலும் மாதம் 40 டாலர். ‘டெர்மினேட்’ செய்தாலும் மூல வட்டுதான் கூடவே அழியும். நீங்கள் கூடுதலாக மாட்டிய வட்டு பெரும்பாலும் தங்கிவிடும். பொது ஐபிவி4 முகவரி பயன்பாட்டில் இருந்தாலும் சும்மா கிடந்தாலும் 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு அரை சென்ட், மாதம் 3.60 டாலர். வால்யூம் (வட்டு), ஸ்நாப்ஷாட் (வட்டின் நகல்), நாட் கேட்வே, ஐபி என்று இந்த வரிசையில் அழித்துக்கொண்டு வாருங்கள். கன்சோல் (கணக்கை நிர்வகிக்கும் இணையப் பக்கம்) இவற்றை ரீஜன் வாரியாகவே காட்டும். மேல் வலது மூலையில் மும்பை என்று இருக்கும்போது வர்ஜீனியாவில் ஓடிக்கொண்டிருப்பது கண்ணில் படாது. அதனால் முதலில் பில் பக்கத்தைத் திறந்து எந்த ரீஜனிலெல்லாம் தொகை விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் போய் அழியுங்கள். இரண்டு நாள் கழித்து அதே பக்கத்தைத் திறந்தால் எஸ்3 வரி மட்டும்தான் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.