குவாட் 33: வந்து போகும் பழுதுகளும் ஒத்துழைக்காத வால்யூமும்

இங்கிலாந்தின் ஹன்டிங்டனிலிருந்து 1967-இல் வெளிவந்த குவாட் 33 ப்ரீஆம்ப்ளிஃபையரை (இசைத்தட்டு, ரேடியோ போன்றவற்றின் சமிக்ஞையை வாங்கி, ஒலியளவைச் சரிசெய்து பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் கருவி) இன்றும் பலர் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென அடங்கிப்போய், ஏதேனும் ஒரு பட்டனை அழுத்தியதும் உயிர் பெறுகிறது என்றால், உடனே மின்தேக்கிகளையும் டிரான்சிஸ்டர்களையும் மொத்தமாக மாற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. வந்து போகும் பழுது பெரும்பாலும் உலோகம் உலோகத்தைத் தொடும் இடத்தில்தான் இருக்கிறது. இந்தக் கருவியிலோ அத்தகைய இடங்கள் ஏராளம். இசைத்தட்டு, டேப் உள்ளீடுகளுக்கான சிறு மின்சுற்றுப் பலகைகள்கூடப் பின்புறத்தில் செருகிக் கழற்றும் வகையில் அமைந்தவை.

தொடுமுனைகளின் மேல் காலப்போக்கில் ஆக்சைடு படிகிறது. வெள்ளி முனைகளானால் கறுத்த சல்ஃபைடு. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சமிக்ஞைக்கு அந்த மெல்லிய படலத்தைத் துளைக்கும் வலிமை இல்லை. ஆனால் மல்டிமீட்டர் செலுத்தும் மின்னழுத்தம் அதைத் துளைத்துவிடக்கூடும் என்பதால், மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் பாட்டு மட்டும் விட்டுவிட்டு ஒலிக்கும். ஆகவே மீட்டரை விடக் காதை நம்புவதே மேல். இடது, வலது உள்ளீட்டு இணைப்புகளை மாற்றிச் செருகிப் பார்த்து, பழுதும் உடன் பக்கம் மாறினால் கோளாறு கருவிக்கு வெளியே. மாறாமல் நின்றால் உள்ளே என்று முடிவுசெய்துகொண்டு, அதன் பிறகே மூடியைத் திறக்க வேண்டும். வால்யூம் குமிழோடு மின் இணைப்புச் சுவிட்சும் சேர்ந்திருப்பதால், முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவது கட்டாயம்.

பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, விளிம்பிலுள்ள முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, சிலமுறை செருகி எடுத்தாலே பல கோளாறுகள் தீர்ந்துவிடும். உப்புத்தாள் கூடவே கூடாது. மேற்பூச்சு போய்விட்டால் திரும்பாது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யும் ஸ்பிரே அடிப்பதும் தவறு, ஏனெனில் பழுது எங்கே இருந்தது என்பது பிறகு தெரியாமலே போய்விடும்.

வால்யூமைத் திருப்பும்போது எழும் கரகரப்பு வேறு வகை. சுத்தம் செய்த சில நாட்களில் அது திரும்பினால், முன்னாலுள்ள மின்தேக்கி கசிந்து டிசி மின்னழுத்தம் குமிழின் கார்பன் தடத்துக்கு வருகிறதா என்று அளக்க வேண்டும். வருகிறதென்றால் மாற்ற வேண்டியது அந்த ஒரு மின்தேக்கியை மட்டுமே.

இன்னொரு தொல்லை பழுதே அன்று. ரேடியோ உள்ளீடு 100 மில்லிவோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டது. சிடி பிளேயர் தருவதோ 2 வோல்ட் வரை. குமிழைச் சற்றே திருப்பியதும் வீடு அதிர்கிறது. இடது, வலது பக்கங்களுக்குத் தனித்தனித் தடம் கொண்ட இரட்டைக் குமிழில் அந்த இரு தடங்களும் அந்தத் தொடக்கப் பகுதியில்தான் மிகவும் முரண்படுகின்றன என்பதால், மெல்லிய ஒலியில் பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தும்விடுகிறது. இடது, வலது ஒலியைச் சமன்செய்யும் பாலன்ஸ் நெம்புகோலைத் தள்ளி இதைச் சமாளிப்பது வீண் வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் சமிக்ஞைப் பாதையில் 22 கிலோஓம், அதன் பின் தரைக்கு 2.2 கிலோஓம் என இரண்டு மின்தடைகள் வைத்தால் அளவு பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்து, குமிழ் நடுப்பகுதிவரை பயன்படும். கால் வாட் மின்தடைகள் டின் (DIN) வகைப் பல முனைப் பிளக்கின் கூட்டுக்குள்ளேயே அடங்கும். கருவிக்குள் எதையும் வெட்டவோ துளையிடவோ தேவையில்லை. அவற்றைக் கேபிளின் சிடி பிளேயர் முனையில் அல்லாமல் ப்ரீஆம்ப் முனையில் வைப்பதே நல்லது, ஏனெனில் நீண்ட கேபிளைப் பிளேயரின் குறைந்த வெளியீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) நேரடியாக இயக்குவதால் இரைச்சல் புகுவது குறைகிறது.