பதினான்கு விநாடிக்காக நான்கு மாத அலைச்சல்

நான் பதிவு செய்த ஒலியை நானே திருடிப் போட்டிருக்கிறேன் என்று 2025 மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை எனக்கு மின்னஞ்சல் வந்தது. 2014 சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நடந்த வில்லுப்பாட்டை முழு இரவும் விழித்திருந்து பதிவு செய்து, அடுத்த மாதமே காணொளித் தளத்தில் ஏற்றியிருந்தேன். பதினோரு ஆண்டுகளாக யாரும் கேள்வி கேட்காத அந்தக் காணொளியின் வருமானம் முழுவதும், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு பாப் பாடலை வெளியிட்டவர்களுக்குப் போகும் என்று அந்த மின்னஞ்சல் சொன்னது. அந்தப் பாடலைத் தேடிக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. அதன் முன்னிசையில் பதினான்கு விநாடிக்கு எங்கள் அண்ணாவியின் (வில்லுப்பாட்டுக் குழுவின் தலைமைப் பாடகர்) குரலும் உடுக்கையும் குடமும், சுருதியோ வேகமோ மாறாமல், பின்னால் ஒரு நாய் குரைப்பது உட்பட அப்படியே இருந்தன. அந்த நாயை எனக்குத் தெரியும்.

என் பதிவிலிருந்து துண்டு எடுத்தது அவர்கள் என்றே அப்போது நினைத்தேன். ஆனால் தங்கள் பாடல் முழுவதையும் தளத்தின் தானியங்கி ஒலிப்பொருத்த அமைப்பில் (எல்லாக் காணொளிகளின் ஒலியையும் தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடும் இயந்திரம்) மூல மாதிரியாகச் சேர்த்தவர்களும் அவர்களே என்பதால், இயந்திரத்தின் கணக்கில் 2014ஆம் ஆண்டின் பதிவு 2025ஆம் ஆண்டுப் பாடலின் நகலாகிவிட்டது. எது முதலில் ஏற்றப்பட்டது என்பதை அந்த அமைப்பு தானாகக் கேட்டுக்கொள்வதில்லை. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

அதைச் சொல்லும் இடத்தில்தான் நான் முதல் பிழையைச் செய்தேன், அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மறுப்புப் படிவத்தில் காரணம் கேட்டபோது, 'இது என் சொந்தப் படைப்பு' என்ற கட்டத்தை விட்டுவிட்டு, 'பொதுவுடைமை', அதாவது யாருக்கும் தனி உரிமை இல்லாதது, என்ற கட்டத்தில் குறியிட்டேன். முத்துப்பட்டன் கதையும் சுடலைமாடன் கதையும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்படுபவை, அவற்றுக்கு நான் எப்படி உரிமை கொண்டாட முடியும் என்ற கூச்சம்தான் காரணம். இருபத்தொன்பது நாள் காத்திருந்த பிறகு, எதிர்த்தரப்பு பதில் சொல்வதற்கான முப்பது நாள் கெடு முடிய ஒரு நாள் இருக்கையில், மறுப்பு நிராகரிக்கப்பட்டது. பொதுவுடைமை என்று நானே ஒப்புக்கொண்ட ஒலியை அவர்கள் எடுத்ததில் என்ன தவறு என்ற பொருளில் ஒரே வரிப் பதில் வந்திருந்தது.

நாகர்கோவிலில் இத்தகைய வழக்கைப் பார்த்த வக்கீலைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. சொத்துப் பிரிவினைக்கும் காசோலை மோசடிக்கும் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், பதிப்புரிமை என்றதும் சென்னைக்குப் போகச் சொல்வார்கள். கடைசியில் கிடைத்தவர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டு யாருக்குங்கிறத விடுங்க, ரெக்கார்டிங் யாருக்கு?" என்பதுதான். கதையும் மெட்டும் பொதுவாக இருக்கலாம். ஆனால் அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு தனியான ஒரு படைப்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்குத் தனி உரிமை உண்டு. அந்தப் பதிவை உள்ளடக்கி வேறொரு ஒலிப்பதிவு செய்யும் உரிமை, 14ஆம் பிரிவின்படி, பதிவின் உரிமையாளருக்கே உரியது. பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவர் யாரோ அவரே சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் என்பதால், கருவியைத் தோளில் சுமந்து, கமிட்டியாரிடம் கெஞ்சி மைக்குக்கு இடம் வாங்கிய நான்தான் உரிமையாளர். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். கோவில் கொடை, திருவிழா, கூத்து எதைப் பதிவு செய்தவராக இருந்தாலும் 'பொதுவுடைமை' என்ற கட்டத்தின் பக்கமே போகாதீர்கள்.

இதற்கிடையில் ஆளாளுக்கு ஒரு விநாடிக் கணக்குச் சொன்னார்கள். ஏழு விநாடி வரை எடுத்தால் தப்பில்லை என்றார் ஒருவர், பத்து என்றார் இன்னொருவர், சவுண்ட் சர்வீஸ் நடத்தும் நண்பர் முப்பது வரை கொண்டுபோனார். நம் சட்டத்தில் அப்படி ஒரு விநாடி வரம்பு எங்கும் இல்லை. ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் இசைக்குழுவின் 1977ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து எடுத்த இரண்டே விநாடித் தாளத்துண்டுக்காக நடந்த வழக்கு, இருபது ஆண்டுக்கு மேல் பல நீதிமன்றங்களைச் சுற்றியது. மிகச் சிறிய துண்டாக இருந்தாலும், காதால் இனங்காண முடியாதபடி அதை மாற்றினாலன்றி அனுமதி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 ஜூலையில் சொன்னது. அந்தத் தீர்ப்பு நாகர்கோவிலைக் கட்டுப்படுத்தாது என்பதையும் வக்கீலே சொல்லிவிட்டார். அவர் சொன்ன இன்னொரு வழக்குதான் என் வயிற்றைக் கலக்கியது. ஒரு பழைய இந்தித் திரைப்பாடலின் ஏறத்தாழ ஒரு விநாடித் துண்டுக்காக சரிகம இசை நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. துண்டின் நீளத்தைவிட, உரிமை தங்களிடம்தான் இருக்கிறது என்பதை 1967ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தைக் கொண்டு நிறுவ முடியாமல் போனதுதான் அங்கே பெரிய அடி. அவ்வளவு பெரிய நிறுவனத்திடமாவது ஓர் ஒப்பந்தம் இருந்தது. என்னிடம் என்ன இருந்தது?

ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஒலிப்பதிவு என்னுடையது என்றாலும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு, அது ஐம்பது ஆண்டு நிற்கும். அன்று இரவு மேடையில் இருந்த ஆறு பேரிடமும் நான் வாய்மொழியாகத்தான் கேட்டிருந்தேன். "எடுத்துக்கோ மக்களே" என்று அண்ணாவி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் 2020இல் காலமாகிவிட்டார். உயிரோடிருக்கும் ஐவரிடமும் கையெழுத்து, அண்ணாவிக்காக அவருடைய வாரிசுகளிடம் கையெழுத்து, இவை கையில் வராமல் மேல்முறையீடு செய்யாதே என்றார் வக்கீல். எதிர்த்தரப்பு அதையும் நிராகரித்தால் அடுத்த படி, காணொளியையே நீக்கச் சொல்வதும் என் கணக்கின் மேல் எச்சரிக்கைக் குறி விழுவதும்தான். அப்படி மூன்று குறி விழுந்தால், பதினோரு ஆண்டாக நான் ஏற்றிய வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் மொத்தமாகப் போய்விடும்.

காத்திருந்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. வருமானத்தைக் கேட்டு உரிமைக் கோரிக்கை வந்த ஐந்து நாளுக்குள் மறுத்திருந்ததால், அதுவரை வருமானத்தைத் தளம் யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தது. நிராகரிப்புக்குப் பிறகும் அதே போல ஐந்து நாள்தான் உண்டு என்பதை நான் கவனிக்கவில்லை. ஆறாம் நாள் அந்தப் பணம் எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது. நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான், ஆனாலும் இன்றைக்கும் ஆறவில்லை.

கையெழுத்து வாங்கப் புறப்பட்டது சித்திரை மாதம். வில்லுக்காரர்களைத் தேடுவதற்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது. பங்குனி தொடங்கி வைகாசி வரை கொடைக்காலம், இரவெல்லாம் மேடை, பகலெல்லாம் பயணம் அல்லது தூக்கம். குடம் அடித்தவரைத் தேடி ஆரல்வாய்மொழிக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் திருநெல்வேலிப் பக்கம் கொடைக்குப் போயிருந்தார், கையெழுத்து கிடைத்தது அதற்குப் பிறகுதான். தாளம் போட்டவர் இப்போது குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறார். காலை ஏழு மணிக்கு வீட்டில் போய் நின்றால் ஆள் எப்படி இருப்பார்? பதினொரு மணிக்குப் பால் வாளியோடு வந்தவர், தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீரு? போனுல சொன்னா நானே வந்திருப்பேனே" என்றார். மற்ற மூவரும் ஒரே நாளில், ஒரே தேநீர்க் கடையில் கிடைத்தார்கள்.

வாரிசுச் சான்றிதழ்தான் என்னை உருக்குலைத்தது. அண்ணாவியின் மனைவியும் மகளும் மகனும் சம்மதித்துவிட்டார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பமும் போட்டாயிற்று. இறப்புச் சான்றிதழில் இருந்த பெயர் மேடைப் பெயர், ஆதாரில் இருந்தது பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒருவரே என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் கேட்டு விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைக் கொடுக்கப் போன அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், எந்தச் சொத்துக்காகச் சான்றிதழ் என்று கேட்டார். பாட்டுக்காக என்றேன். "பாட்டு எந்த சர்வே நம்பர்ல இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இன்னும் வரவில்லை என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், அது போய்ப் பத்து நாள் ஆகிறது என்று கணினியில் காட்டினார். எழுபது வயதைக் கடந்த பெரியம்மையை, அண்ணாவியின் மனைவியை, இரண்டு பேருந்து மாறி அழைத்து வந்து, மதிய உணவு இடைவேளை முடியும் வரை மரத்தடியில் உட்காரவைத்த அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அவரோ சிரித்துக்கொண்டே, "உயிரோட இருக்கும்போ ஒரு ஆபீசுக்கும் போகாத மனுசன், செத்த பெறவு நம்மள அலைய வைக்காரு" என்றார். சான்றிதழ் கைக்கு வந்தபோது ஜூன் மாதம் பாதி கடந்திருந்தது. விண்ணப்பிக்கும் முன் இறப்புச் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னெழுத்து உட்பட எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு அங்கே மட்டும் மூன்று வாரம் போனது.

முத்திரைத்தாளிலும் ஒரு சறுக்கல். வீட்டில் பழைய இருபது ரூபாய்த் தாள்கள் சில மிச்சம் இருந்தன, அவற்றிலேயே தட்டச்சு செய்து எடுத்துப் போனேன். தமிழ்நாட்டில் 2024 மே மாதத்திலிருந்து உறுதிமொழிப் பத்திரத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இருநூறு ரூபாய்த் தாள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. மின்னணுச் சான்றுக்கும் அதே கதைதான். நீதிமன்றம் போக நேர்ந்தால் மூலக்கோப்புக்குச் சான்று வேண்டும் என்று வக்கீல் சொல்ல, தட்டச்சுக் கடைக்காரர் பழைய சாட்சியச் சட்டத்தின் வழக்கமான 65பி படிவத்தை அடித்துத் தந்துவிட்டார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம். அதன் 63ஆம் பிரிவுப் படிவத்தில் இரண்டு பகுதிகள், ஒன்றில் நாமும் இன்னொன்றில் தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எழுத வேண்டும். நல்ல வேளையாக, 2014ஆம் ஆண்டின் வேவ் கோப்பு, அதாவது சுருக்கப்படாத மூல ஒலி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் வெட்டாமல் கொள்ளாமல் கிடந்தது. எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிப்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை என்று பயந்து, இதற்கு நடுவே இரண்டாயிரம் ரூபாய் கட்டி விண்ணப்பமும் போட்டேன். பதிவு கட்டாயமில்லை, பின்னால் ஒரு சான்றாக உதவும், அவ்வளவுதான் என்று வக்கீல் சொன்னபோது பணம் கட்டி முடித்திருந்தேன்.

எதிர்த்தரப்பு என்று நான் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த இசையமைப்பாளர், வக்கீல் நோட்டீஸ் கிடைத்த மறுநாளே சென்னையிலிருந்து அழைத்தார். இருபத்து நான்கு வயதுப் பையன். "அண்ணே, சத்தியமா நான் உங்க வீடியோலருந்து எடுக்கல" என்றார். இணையத்தில் 'உரிமைத் தொகை இல்லாத நாட்டுப்புற ஒலிகள்' என்று விற்கப்பட்ட சாம்பிள் தொகுப்பு (பாடலில் சேர்த்துக்கொள்ளும் ஒலித்துண்டுகள்) ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தார், ரசீதும் அனுப்பினார். என் காணொளியை அறுத்துத் தொகுப்பாக்கி விற்றவர் யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அந்த ரசீதே எனக்குப் பெரிய ஆயுதமாகிவிட்டது. ஒலிப்பொருத்த அமைப்பில் சேர்க்கும் மாதிரி முழுவதும் தங்களுக்கு மட்டுமே தனியுரிமை உள்ளதாக இருக்க வேண்டும், யாரும் வாங்கக்கூடிய சாம்பிள் துண்டுகளை அதில் சேர்க்கக் கூடாது என்பது அந்தத் தளத்தின் விதி. பையனின் பாடலை வாங்கி விநியோகித்த நிறுவனம் அதை விசாரிக்காமல் முழுப் பாடலையும் சேர்த்திருந்தது. கோபம் முழுவதும் அந்த நிறுவனத்தின் மேல் திரும்பியது. அவர்களிடமிருந்து அதுவரை மனிதர் எழுதிய ஒரு பதில்கூட எனக்கு வந்ததில்லை.

மேல்முறையீட்டை ஜூலை முதல் வாரத்தில் அனுப்பினேன். 2014ஆம் ஆண்டு ஏற்றிய தேதி, நாய் குரைக்கும் விநாடி, ஐவரின் ஒப்புதல், வாரிசுகளின் ஒப்பந்தம், சாம்பிள் ரசீது, மாதிரிக் கோப்பு பற்றிய விதி ஆகியவற்றை எண்ணிட்டு எழுதினேன். நோட்டீஸில் வக்கீல் சேர்த்திருந்த வரிதான் எனக்கு மிகவும் பிடித்தது: 62ஆம் பிரிவின்படி உரிமையாளர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கிடலாம் என்பதால், பதில் தர விரும்பாவிட்டால் நாகர்கோவிலுக்கு வரத் தயாராக இருக்கவும். மேல்முறையீட்டுக்குப் பதில் தர உள்ள ஏழு நாள் கெடுவின் ஐந்தாம் நாள் மாலை கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. மன்னிப்போ விளக்கமோ இல்லை, போன நாலாயிரமும் திரும்பவில்லை.

பையன் மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அண்ணாவியின் குடும்பத்துக்கு ஒரு தொகை அனுப்பினார், பாடல் விவரத்தில் 'பாரம்பரிய நாட்டுப்புறக் குரல்' என்று இருந்ததை நீக்கி அண்ணாவியின் பெயரைப் போட்டார். எந்தப் பெயரைப் போடுவது என்று என்னிடம் கேட்டபோது பெரியம்மையைக் கேட்டேன். "மேடையில சொல்லுத பேரத்தான் போடணும், ஆதாருல உள்ளத யாருக்குத் தெரியும்?" என்றார். அதையே போட்டிருக்கிறார்கள், ஊரின் பெயரில் மட்டும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. திருத்தக் கேட்டு எழுதியிருக்கிறேன், விநியோக நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கச் சொல்கிறார் பையன்.