கதிர்காமத்தில் எங்கள் ஊர்ப் பெண்

எனக்குக் காட்பாடி பக்கம். வள்ளிமலையில் சின்ன வயதிலிருந்தே படியேறி வளர்ந்தவன். தினைப்புனம், வேடர் குலத்து நம்பிராஜன், கிழவன் வேஷம், யானையாக வந்து மிரட்டிய பிள்ளையார் என்று வள்ளியை முருகன் கைப்பிடித்த கதை எல்லாம் எங்கள் மலையில் நடந்ததாகத்தான் அம்மா சொல்வாள். இலங்கையில் முருகன் குடிகொண்ட கதிர்காமம் போகும்வரை அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

கொழும்பிலிருந்து சாலை வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர். மட்டக்களப்பு நண்பர் ஒருவர் கூட வந்தார். இறங்கியதும் மாணிக்க கங்கையில் ஒரு முழுக்கு. பெயர்தான் கங்கை, நாங்கள் போனபோது முழங்கால் அளவுதான் தண்ணீர். கரை முழுக்க மருத மரங்கள், மேலே குரங்குகள் நம் பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். பாலத்தைத் தாண்டினால் கோயிலுக்கு முன்னாலேயே பள்ளிவாசல், ஹிழ்ர் நபியின் பெயரில். கோயிலைத் தாண்டி நடந்தால் வெள்ளை வெளேரென்று கிரி விகாரை என்ற புத்த தூபி. சிங்களவர்கள் தாமரை மொட்டோடு அங்கே போய்விட்டு இங்கே வருகிறார்கள், இல்லையென்றால் இங்கிருந்து அங்கே.

கோபுரத்தைத் தேடினேன். இல்லை. அருணகிரிநாதர் பாடிய தலம், அவ்வளவு தூரம் வந்தால் ஆடம்பரமே இல்லாத ஒரு சின்னக் கட்டிடம். உள்ளே சிலையும் தெரியாது. ஒரு திரைச்சீலை, அதில் வள்ளி தெய்வானையோடு மயில்மேல் முருகன், அவ்வளவுதான். அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பக்தர்கள் பார்ப்பதே இல்லை. யந்திரம் வைத்த பேழை என்பார்கள். ஆடித் திருவிழாவில் யானைமேல் ஏறி வெளியே வருவதும் அந்தப் பேழைதான், அதுவும் மூடியபடி.

மாலைப் பூஜைக்கு நின்றோம். வெளியே தேங்காய்மேல் கற்பூரம் கொளுத்தி, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, எதையோ முணுமுணுத்துவிட்டுக் கல்லில் ஓங்கி அடிக்கிறார்கள். உடைந்தால் ஒரு பெருமூச்சு. மணிச்சத்தம் கிளம்பியதும் எல்லாரும் "ஹரோ ஹரா!" நம் அரோகராதான், சிங்கள நாக்கில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பூஜை செய்கிறவர் கப்புறாளை. வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் திரைக்குள் போகிறார். அர்ச்சனை கேட்காது, வேத மந்திரமும் கேட்காது. நம் ஊரில் பெயர் நட்சத்திரம் சொல்லாமல் வந்தால் சாமி கும்பிட்டதாகவே தோன்றாத ஆள் நான், கொஞ்சம் தவித்துத்தான் போனேன். "எங்கட மண்டூரிலயும் வாய் கட்டித்தான் பூசை, அண்ணா. சின்னக் கதிர்காமம் எண்டுதான் அதுக்குப் பேர்" என்றார் நண்பர். வேடர்கள் கும்பிட்ட முறையின் மிச்சம் என்று இதைச் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ, ஆகமம் தெரிந்தவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே சாமிக்கும் ஜனங்களுக்கும் பேச்சுவார்த்தை நன்றாகத்தான் நடந்திருக்கும் என்று பட்டது.

என் பழத்தட்டு உள்ளே போனதும், காணிக்கைதானே என்று நான் கிளம்பிவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பாட்டி கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். அப்புறம்தான் தெரிந்தது, சாமிக்குப் பாதி, மீதியோடு தட்டு நம் கைக்கே திரும்பி வரும். பாட்டிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தேன்.

அவளும் எங்களோடு வள்ளியம்மன் கோயில்வரை நடந்து வந்தாள். நேர் வீதி, சில நூறு மீட்டர்தான். திருவிழா இரவுகளில் பேழை போவது இதே வழியில். தெய்வானை கோயில் முருகனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் ஊர்வலம் அங்கே போவதில்லை, வீதிக் கடைசியில் இருக்கும் வேடர் வீட்டுப் பெண்ணைப் பார்க்கத்தான் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு உரிய மரியாதை கிடைக்கிறது என்று எனக்கு ஏக சந்தோஷம்.

நண்பரை மொழிபெயர்க்கச் சொல்லிப் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன், வள்ளி பிறந்த ஊர்தான் என் ஊர் என்று. அவள் நடப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கையைக் காட்டின் பக்கம் நீட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவ இந்தக் காட்டுப் பிள்ளையாம். உங்கட ஊருக்கு எப்ப வந்தவ எண்டு கேக்கிறா."