ஆண்டுக்கு மூவர்கூட இல்லாத ஒரு நோயை எப்படி ஆராய்வது?

அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை நெக்ளேரியா ஃபௌலேரி என்ற அமீபாவால் மூளைத்தொற்றுக்கு ஆளானவர்கள் என்று பதிவாகியிருப்பவர்கள் 164 பேர். அவர்களில் உயிர் பிழைத்தவர்கள் நால்வர் மட்டுமே. செய்தித்தாள்கள் இரண்டாவது எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடும். இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளைச் சில காலமாகப் படித்துவரும் எனக்கோ முதல் எண்தான் அதிகம் உறுத்துகிறது. ஆண்டுக்குச் சராசரியாக மூன்று பேர்கூட இல்லாத, அதுவும் அறிகுறி தோன்றிய ஐந்தாறு நாட்களில் பெரும்பாலும் ஆளையே கொண்டுபோய்விடும் ஒரு நோய்க்கு, நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து மருந்தைச் சோதிக்கும் வழக்கமான முறை அறவே பொருந்தாது. இந்நோயின் சிகிச்சை பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி தனித்தனி நோயாளிகளின் கதைகளிலிருந்து கோத்தெடுத்ததுதான்.

இத்தகைய அமீபாக்கள் மண்ணிலும் நீரிலும் பாக்டீரியாவைத் தின்று தம்பாட்டுக்கு வாழ்பவை. உயிர்வாழ மனித உடல் அவற்றுக்குத் தேவையே இல்லை. அவற்றால் நோயும் வரக்கூடும் என்ற ஐயம் எழுந்ததே ஒரு தற்செயல்தான். 1950களின் பிற்பகுதியில் போலியோ தடுப்பூசியின் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டிருந்த கிளைட் கல்பெர்ட்சன், திசு வளர்ப்பில் மாசாகப் புகுந்திருந்த அகாந்தமீபா என்ற இன்னோர் அமீபாவால் ஆய்வக விலங்குகள் மூளை அழற்சி கண்டு இறந்ததைக் கவனித்தார். மனிதர்களிடம் காணப்பட்ட நெக்ளேரியா தொற்றை 1965இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த மால்கம் ஃபௌலரும் ஆர். எஃப். கார்ட்டரும் விவரித்தனர். தெற்கு ஆஸ்திரேலியாவில் தரைமேல் நெடுந்தொலைவு ஓடும் குழாய்களில் வெயிலேறிச் சூடான நீர் அந்த நோயாளிகளோடு தொடர்புபடுத்தப்பட்டதும், அங்கே குடிநீரில் கிருமிநாசினி அளவைக் கண்காணிக்கும் பழக்கம் வலுப்பட்டதும் அதன் தொடர்ச்சியே.

நெக்ளேரியா கலந்த நீரைக் குடித்தால் தொற்று வராது. நீர் மூக்கினுள் மேலே ஏறும்போதுதான் ஆபத்து. அங்கிருந்து அமீபா முகர்வு நரம்பைப் பற்றிக்கொண்டு, சல்லடைபோல் துளையிட்ட மெல்லிய எலும்பைக் கடந்து மூளைக்குள் நுழைகிறது. காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் என எல்லா அறிகுறிகளும் பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலையே ஒத்திருக்கும். தண்டுவட நீரைச் சோதித்தாலும் வெள்ளணுக்கள் மிகுந்து, குளுக்கோஸ் குறைந்து, அதே தோற்றம்தான். வேறுபாடு ஒரே இடத்தில்தான் தெரியும்: பாக்டீரியாவுக்கான கிராம் சாயமேற்றிப் பார்த்தால் எதுவும் அகப்படாது.

அந்தக் கட்டத்தில், குளிர்பதனப் பெட்டியில் வைக்காத தண்டுவட நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, சாயமேற்றாமல் நுண்ணோக்கியில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களும் அமீபாக்களும் ஏறக்குறைய ஒரே பருமன். அசையாமல் கிடந்தால் பழகிய கண்ணும் ஏமாறும். ஒன்று மட்டும் ஒரு பக்கம் மொட்டையாகப் பிதுங்கி, அந்தத் திசையிலேயே மொத்த உடலையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால், ஐயம் வலுத்துவிடும். காய்ச்சிவடித்த நீரில் இட்டு வைத்தால் நெக்ளேரியா சில மணி நேரத்தில் சாட்டை போன்ற இழைகளை முளைப்பித்து நீந்தத் தொடங்கிவிடும். அமீபாவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை உறுதி செய்யும். ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்காவது முதலில் தோன்ற வேண்டுமே! என் கணிப்பில், இந்த நோயில் உயிர்கள் போவதற்கு மருந்தின்மை எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தத் தாமதமும் காரணம்.

மூளையைத் தாக்கும் மற்ற அமீபாக்களான அகாந்தமீபாவும் பாலமூத்தியா மாண்ட்ரிலாரிஸும் வேறு வகை. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் மெல்லப் பரவி, மூளைக்கட்டி என்றோ காசநோய் என்றோ எண்ணவைக்கும். அகாந்தமீபா பெரும்பாலும் நோயெதிர்ப்பு குன்றியவர்களின் மூளையையே தாக்குகிறது; பாலமூத்தியாவோ நல்ல உடல்நலம் உள்ளவர்களையும் விட்டுவைப்பதில்லை. 1986இல் சான் டியேகோ விலங்குப் பூங்காவில் இறந்த மாண்ட்ரில் குரங்கின் மூளையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பாலமூத்தியா, மற்றவற்றைப் போலப் பாக்டீரியா பூசிய தட்டில் வளர்வதில்லை. அதற்குப் பாலூட்டிகளின் உயிரணுக்கள் வேண்டும். வழக்கமான ஆய்வகச் சோதனையில் அது சிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சைக்கு வருவோம். 1978இல் கலிஃபோர்னியாவில் நெக்ளேரியா தொற்றிலிருந்து பிழைத்த சிறுமிக்கு, பூஞ்சைக்கொல்லியான ஆம்ஃபோடெரிசின் உள்ளிட்ட மருந்துகள் தரப்பட்டன. ஆனால் அவரிடம் இருந்த அமீபா வீரியம் குறைந்த வகையாக இருந்திருக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. 2013இல் ஆர்கன்சாஸில் 12 வயதுச் சிறுமி ஒருவர் முழுமையாகக் குணமானார். அவருக்கு நோய் விரைவில் கண்டறியப்பட்டது, லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி நோய்க்கான மில்டெஃபோசின் தரப்பட்டது, மூளை வீக்கத்தைத் தணிக்க உடலும் குளிர்விக்கப்பட்டது. அதே ஆண்டில் மில்டெஃபோசின் பெற்றுப் பிழைத்த இன்னொரு சிறுவனுக்கு நோய் தாமதமாகவே தெரியவந்தது, உடல் குளிர்விக்கப்படவில்லை, மூளைப் பாதிப்பு நிலைத்துவிட்டது. இந்த இருவரையும் அருகருகே வைத்தால் நாட்களின் அருமை புரிகிறது. எந்தக் கூறு எவ்வளவு உதவியது என்பது மட்டும் பிரித்தறிய முடியாமலேயே இருக்கிறது.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகளைச் சலித்துப் பார்ப்பது. சான் ஃபிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி 2,177 மருந்துகளைப் பாலமூத்தியா மீது சோதித்து, ஐரோப்பாவில் சிறுநீர்த்தொற்றுக்குத் தரப்படும் நைட்ராக்ஸலின் அதைக் கொல்வதை 2018இல் வெளியிட்டனர். 2021இல், வழக்கமான மருந்துக் கலவை பயன் தராமல் பக்கவிளைவுகளோடு தவித்த 54 வயது பாலமூத்தியா நோயாளிக்கு, அமெரிக்காவில் அனுமதி பெறாத அந்த மருந்தை அவசர ஒப்புதலுடன் வரவழைத்துக் கொடுத்தார்கள். மூளைப் புண்கள் சுருங்கின, அவர் வீடு திரும்பினார். என்றாலும் இதுவும் ஒற்றை நோயாளியின் அனுபவமே, வேறு மருந்துகளும் உடன் ஓடிக்கொண்டிருந்தன.

பிழைத்தவர்களின் கதைகளே விரைவில் அச்சேறுகின்றன என்பது இத்துறை மீது எனக்குள்ள மனக்குறை. இறந்தவர்களுக்கு எந்த நாளில் எந்த மருந்து தொடங்கப்பட்டது, எவ்வளவு தரப்பட்டது, அது தண்டுவட நீரை எட்டியதா என்ற விவரங்களும் ஒரே படிவத்தில், எல்லா நாடுகளிலிருந்தும் திரட்டப்பட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத நோயில் அவர்கள்தான் ஒப்பீட்டுக் குழு.