ஊழியரின் நடத்தை மீதான புகாரும் நடுவர் பார்க்கும் கோப்பும்

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவாசிகளும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் உள்ளாட்சி அலுவலகங்களுக்கு மனு எழுத என்னிடம் வருவதுண்டு. வேலை நடக்கவில்லை என்பதைவிட, அங்கே தங்களை நடத்திய விதமே அவர்களில் பலரை வருத்துகிறது. அண்மையில் புறநகரிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர், காலமான தந்தையின் பெயரில் இருந்த சொத்து வரியைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர். தம்மை அலையவிட்ட ஊழியரைக் குறித்து, "அந்த ஆளை வேலையைவிட்டுத் தூக்கணும்னு எழுதுங்க சார்" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த வரியோடு தொடங்கும் மனு எந்த மேசையிலும் நிற்காது.

உள்ளாட்சி அமைப்புகளில் நடக்கும் ஊழலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் விசாரிக்கச் சுதந்திரமான அமைப்பு ஒன்று மாநிலந்தோறும் வேண்டும் என்று 13ஆவது நிதிக் குழு வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உள்ளாட்சி முறைமன்ற நடுவர் என்ற பொறுப்பு உருவானது. குற்றச்சாட்டில் உண்மை இருப்பதாகக் கண்டால் நடவடிக்கைக்குப் பரிந்துரைப்பதே நடுவரின் வேலை. ஊழியரைத் தண்டிக்கும் அதிகாரம் பணி விதிகளின்படி வேறு இடத்தில் இருக்கிறது. மக்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

இவ்வகை விசாரணையின் தர்க்கத்தைத் தெளிவாக அறிய, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் இயங்கும் உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளரின் நடைமுறையைப் பார்ப்பது உதவும். புகாரை முதலில் அந்த உள்ளாட்சி மன்றத்திடமே கொடுத்து, பதில் சொல்ல அதற்கு வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். பாதிப்பு தெரியவந்த 12 மாதங்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் வர வேண்டும் என்பது பொதுவான விதி. அதன்பின் அவர் கேட்பவை இரண்டே கேள்விகள்: நிர்வாகத்தில் தவறு நடந்ததா, அந்தத் தவறால் இந்த மனிதருக்குப் பாதிப்பு நேர்ந்ததா? முறைப்படி எடுக்கப்பட்ட முடிவாக இருந்தால், மனுதாரருக்கு அது எவ்வளவு கசந்தாலும், அவர் அதில் கைவைப்பதில்லை. ஓர் ஊழியர் கடுமையாகப் பேசினார் என்ற புகாரில், அருகில் சாட்சி இல்லாதபோது, அன்றைய குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்து எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே அவர் முடிவு செய்கிறார். முடிவின் வரைவை இரு தரப்புக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்ட பிறகே அதை இறுதி செய்கிறார். இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தவறு உறுதியானால் மன்னிப்புக் கேட்கவும், இழப்பை ஈடுசெய்யவும், நடைமுறையைத் திருத்தவும் பரிந்துரைப்பார். ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது அங்கும் மன்றத்தின் பொறுப்புதான்.

சட்டம் வேறானாலும், கோப்பில் சான்று இல்லாத கோபத்தை வைத்து எந்த நடுவராலும் எதுவும் செய்ய முடியாது. அதனால் தறிக்காரரின் மனுவை வேறு விதமாக எழுதினோம். விண்ணப்பித்த தேதி, ரசீது எண், இணைத்த ஆவணங்கள், ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஆகியவை வரிசையாக முதலில் வந்தன. வரிசையில் நின்ற எல்லோர் முன்னிலையிலும் அந்த ஊழியர் அவரை ஒருமையில் பேசிய சம்பவத்தையும், தேதியோடும் உடனிருந்தவரின் சம்மதத்தோடும், சேர்த்தோம். மரியாதைக் குறைவு சிறிய விஷயம் என்று அதை விட்டுவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒருமுறை அவமானப்பட்டவர் மறுமுறை அந்த வாசலை மிதிக்கவே அஞ்சுகிறார். அவருக்குச் சேர வேண்டிய சேவை அந்த இடத்திலேயே நின்றுபோகிறது.

பெயர் போடாமல் அனுப்பலாமா என்று அவர் தயங்கினார். பின்னால் பழிவாங்குவார்களோ என்ற அச்சம் பொய்யல்ல என்றாலும், மொட்டைக் கடிதத்தை வைத்து விசாரிப்பவர் மேற்கொண்டு யாரிடம் கேட்பார்? அவர் தம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டார். கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனியாகக் கேட்டிருக்கிறோம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். மனு இப்போது அலுவலகத் தலைவரிடம் போயிருக்கிறது, நகலில் முத்திரையும் வாங்கியாயிற்று. அங்கே பதில் கிடைக்காவிட்டால், இந்தத் தாள்களை இணைத்து நடுவருக்கு எழுதுவோம்.