செக்ரட்டேரியட், 1973: கடிகாரக் கணக்கு

ஏப்ரல் 21
1973-ல் இதே தேதி, நியூயார்க் அக்வடக்ட் மைதானத்தில் வுட் மெமோரியல் குதிரைப் பந்தயம். செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு மூன்றாம் இடம்தான். அதே பயிற்சியாளர் லூசியன் லாரின் தயார்செய்த ஆங்கிள் லைட் ஜெயித்தது. காரணம் மேலுதட்டுக்குள் ஒரு சீழ்க்கட்டி. லகானை இழுக்கும்போதெல்லாம் கடிவாள இரும்பு அங்கே உறுத்தும். வாய் வலிக்கிற குதிரை முழு வேகம் காட்டாது.

மே 5
கென்டக்கி டெர்பி, ஒன்றேகால் மைல். கட்டி அதற்குள் ஆறிவிட்டது. செக்ரட்டேரியட் ஜெயித்த நேரம் 1 நிமிடம் 59.4 விநாடி, இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. கால் மைல் வாரியாக: 25.2, 24, 23.8, 23.4, 23. மண் தளத்தில் இப்படி ஓட்டம் ஏறிக்கொண்டே போவது அபூர்வம். பெரும்பாலான குதிரைகள் கடைசியில் தேயும். இரண்டாவதாக வந்த ஷாம் கிளம்பும்போதே தொடக்கக் கேட்டில் மோதி இரண்டு பல்லை இழந்திருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மே 19
பிரீக்னஸ் பந்தயம். செக்ரட்டேரியட் முதல் வளைவிலேயே கடைசியிலிருந்து முன்னுக்கு வந்தது. வளைவில் வெளிப்பக்கம் சுற்றினால் தூரம் கூடும், அதனால் ஜாக்கிகள் அங்கே அவசரப்பட மாட்டார்கள். அதன் ஜாக்கி ரான் டர்காட் தடுக்கவில்லை. மின்கடிகாரம் காட்டியது 1:55, பிறகு 1:54.4 என்று திருத்தினார்கள். 2012-ல்தான் 1:53 அதிகாரபூர்வமானது.

ஜூன் 9
பெல்மான்ட் பந்தயம், ஒன்றரை மைல், 2:24. 31 லென்த் (குதிரை நீளம்) வித்தியாசத்தில் வெற்றி. கடைசியில் பறந்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25. இரண்டாவது கால் மைலுக்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டேதான் வந்தது! முக்கால் மைலை 1:09.8-ல் கடப்பது இந்தத் தூரத்துக்குத் தற்கொலை. கூடவே ஓடிய ஷாம் நொறுங்கிக் கடைசி இடத்துக்குப் போனது. செக்ரட்டேரியட்டோ எந்தக் கால் மைலிலும் ஒரு விநாடிக்கு மேல் இழக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

அக்டோபர் 4
1989-ல் செக்ரட்டேரியட் இறந்த நாள். குளம்பு அழற்சி: குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு வீங்கிப் பிரிய, உடல் எடை எலும்பைக் கீழே தள்ளும். மீட்க வழியில்லாமல் கருணைக்கொலை செய்தார்கள். அதன் இதயம் 22 பவுண்டு என்பார்கள். ஆனால் உடலைப் பரிசோதித்த டாக்டர் தாமஸ் ஸ்வெர்செக் இதயத்தைத் தராசில் வைக்கவில்லை. 1993-ல் இறந்த ஷாமின் இதயம் 18 பவுண்டு இருந்தது. அதை வைத்துத்தான் செக்ரட்டேரியட்டுக்கு 22 என்று மதிப்பிட்டார்.